டர்பைன் நின்றது, ஏரி மிஞ்சியது: கெல்லி பார்ன்ஸ் அணை உடைப்பு, 1977

1977 நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை ஒன்றரை மணி வாக்கில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டொக்கோவா என்ற சிற்றூரை ஒட்டியிருந்த ஒரு மண்ணணை உடைந்தது. கெல்லி பார்ன்ஸ் அணை என்று பெயர். உயரம் 40 அடி வாக்கில், நீளம் 400 அடி. அது தேக்கிய ஏரி 40 ஏக்கர். அணை அரசுடையது அல்ல. கீழே பள்ளத்தாக்கில் இயங்கிவந்த டொக்கோவா ஃபால்ஸ் என்ற கிறிஸ்தவ வேதாகமக் கல்லூரிக்குச் சொந்தமானது. ஏரியிலிருந்து மின்சாரம் எடுப்பதை 1957-இலேயே நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு இருபது ஆண்டுகள் அது பொழுதுபோக்கு ஏரியாக மட்டும் இருந்தது.

உடைந்து வந்த நீர் 186 அடி உயர டொக்கோவா அருவியின் தலையிலிருந்து விழுந்து கல்லூரி வளாகத்துக்குள் புகுந்தது. ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரம். 39 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. ஒன்பது வீடுகள், பதினெட்டு ட்ரெய்லர் வீடுகள் (இழுத்து இடம் மாற்றக்கூடியவை), இரண்டு கல்லூரிக் கட்டடங்கள் அழிந்தன. இரண்டு பாலங்கள் போயின. ஊருக்குக் குடிநீர் கொண்டுபோன குழாய்கள் ஓடையைக் கடந்து சென்றவை; அவை உடைந்ததில் பல நாட்களுக்கு நல்ல தண்ணீர் இல்லை. சேதம் 28 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள்.

ஏரியில் அன்று இருந்த நீர் சுமார் 630 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஒரு ஏக்கர்-அடி). நம் கணக்கில் ஏறக்குறைய 2.7 கோடி கனஅடி, அதாவது ஒரு டிஎம்சியில் 36-இல் ஒரு பங்கு. மேட்டூர் நிலவரத்தை நாளிதழில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு எண்ணாகவே படாது. ஆனால் உடைப்பின் உச்சத்தில் வெளியேறிய வேகம் நொடிக்கு 24,000 கனஅடி. அதே வேகம் குறையாமல் நீடித்திருந்தால் இருபது நிமிடத்துக்குள் ஏரி முழுவதும் காலியாகியிருக்கும். குறுகிய பள்ளத்தாக்கில், தூங்குகிறவர்கள் மேல் அந்த நீர் வந்து விழுந்தது. அணை சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று நினைப்பவர்களிடம் இந்த ஒரு கணக்கைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

எத்தனையோ அணை உடைப்புகள் இருக்க இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கே பெரிய பூகம்பம் எதுவும் இல்லை. நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் பெருமழையும் இல்லை. கரை மெல்ல மெல்லக் கெட்டது. கெட்டது கண்ணுக்கும் தெரிந்தது, புகைப்படத்திலும் பதிந்தது. பார்க்க வேண்டிய பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை. ஒரு அணைக்கு வேலை இருக்கும்வரை அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார். வேலை போன பிறகு ஆள் போய்விடுவார், நீர் மட்டும் இருக்கும். கெல்லி பார்ன்ஸ் உடைந்ததற்கான வேர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

மூன்று தவணையில் எழுந்த கரை

இந்த அணையை யாரும் ஒரே மூச்சில் திட்டமிட்டுக் கட்டவில்லை. 1899 வாக்கில் ஒரு சிறு மின் நிலையத்துக்காக, மரச்சட்டங்களுக்குள் பாறைகளை அடுக்கி ஒரு தடுப்பு போட்டார்கள். 1930-களின் பிற்பகுதியில், கல்லூரிக்கு நிலையான மின்சாரம் வேண்டும் என்று அந்தப் பழைய தடுப்பை இடிக்காமல் அதன் மேலேயும் சுற்றியும் மண் கொட்டிக் கரையாக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கரையை இன்னும் உயர்த்தினார்கள். அதாவது, மண்ணுக்குள்ளே ஒரு பழைய பாறை அடுக்கு, அதைச் சுற்றி ஒரு மண் அணை, அதன் தலையில் இன்னொரு மண் அடுக்கு.

மண் கரையை மண் கரையாகவே கட்டினால், அடியிலிருந்து அடுக்கடுக்காகக் கெட்டிப்படுத்தி, கசியும் நீர் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதையும் முடிவு செய்து வடிகால் வைப்பார்கள். பழைய கட்டுமானத்தை உள்ளே விழுங்கிக்கொண்ட கரையில் அது முடியாது. பாறை அடுக்கில் இடுக்குகள் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் மரம் நாளடைவில் மக்கும். மேலேயுள்ள நுண்மண் அந்த இடுக்குகளுக்குள் நழுவும். வெளியில் புல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே வெற்றிடம் உருவாகலாம்.

உடைப்புக்குப் பிறகு விசாரிக்க வந்தவர்களுக்கு இந்த அணையின் பொறியியல் வரைபடமோ கட்டுமானக் குறிப்போ கிடைக்கவில்லை. என்ன மண், எந்த ஆழத்தில் அடித்தளம், குழாய் எங்கே போகிறது என்ற அடிப்படைத் தகவல்களைக்கூட உடைந்த கரையைப் பார்த்தும், அறிந்தவர்களைக் கேட்டும்தான் சேர்க்க வேண்டியிருந்தது. தனியார் அணை வைத்திருக்கும் எவரும் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். காகிதம் இல்லாத அணையில் உங்களுக்குத் தெரிந்தது மேற்பரப்பு மட்டுமே.

அந்த இரவு

நவம்பர் 2 முதல் 5 வரை டொக்கோவா பகுதியில் ஏழு அங்குலம் மழை, கிட்டத்தட்ட 18 செ.மீ. அதில் பாதி, மூன்றரை அங்குலம், 5-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் பெய்தது. கடுமையான மழைதான். ஆனால் ஒழுங்கான கரையும், மிகுதி நீரை வெளியேற்றப் போதிய கலிங்கும் உள்ள ஏரி இப்படி ஒரு மழையைத் தாங்க வேண்டும்.

அன்றிரவு யாரும் கவலைப்படாமல் இல்லை. ஓடை ஏறுவதைக் கண்டு கல்லூரியைச் சேர்ந்தவர்கள் மேலே போய் அணையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் தவறாகப் படவில்லை. இதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இருட்டில், மழையில், டார்ச் வெளிச்சத்தில் கரை உச்சியில் நின்று பார்க்கும் ஒருவருக்கு நீர் மட்டம் தெரியும். புதர் மூடிய வெளிச்சரிவின், அதாவது நீர் இல்லாத பக்கச் சரிவின், நடுவில் ஈரம் எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்பது தெரியாது. அதற்கு முந்தைய மாதம் எவ்வளவு இருந்தது என்ற பதிவு வேண்டும். அந்தப் பதிவு இல்லை. புயல் இரவில் கவனிக்க வேண்டியதை வெயில் நாட்களில் அளந்து வைத்திருந்தால்தான் புயல் இரவில் போய்ப் பார்ப்பதற்கு அர்த்தம் வரும்.

குழு கண்டது

ஜார்ஜியா ஆளுநரின் வேண்டுகோளின்பேரில் அமைந்த கூட்டாட்சி விசாரணைக் குழு அந்த டிசம்பரிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் அது சுட்டவில்லை. அதிகம் நடந்திருக்க வாய்ப்புள்ளது என்று அது சொன்ன வரிசை இது: செங்குத்தான வெளிச்சரிவில் ஓரிடம் பெயர்ந்து சரிந்தது, பெரும்பாலும் உள்ளரிப்போடு (கசியும் நீர் கரைக்குள்ளிருந்தே மண்ணை அரித்துச் செல்வதோடு) சேர்ந்து, அதனால் கரை உச்சியில் ஓரிடம் அறுந்தது, அறுந்த இடத்தை நீர் அரித்துக்கொண்டே போனது, ஊறிப்போன கரை முழுவதுமாகச் சரிந்தது. கரையின் அடியில் போன பழைய குழாய் நசுங்கியதும் இதில் பங்காற்றியிருக்கலாம் என்றது. கரைக்கு மேலாக வழிந்ததால் உடைந்தது என்று குழு சொல்லவில்லை. இது முக்கியம். ஏரி உடைந்தது என்றாலே கலிங்கு போதவில்லை, மேலே வழிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். நீர் உச்சியைத் தொடாமலே கரை போகலாம்.

சரிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கெல்லி பார்ன்ஸின் வெளிச்சரிவு ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. ஓரடி உயரத்துக்கு ஓரடி அகலம், 45 பாகை. சாதாரண மண் கரைக்கு ஓரடி உயரத்துக்கு இரண்டு முதல் மூன்றடி அகலம் விடுவது வழக்கம். காய்ந்த, கெட்டியான மண் 45 பாகையில் நிற்கும். பல ஆண்டுகள்கூட நிற்கும். கரைக்குள் நீரின் ஈர மட்டம் ஏறும்போது கதை மாறுகிறது. மண் துகள்களுக்கிடையே உள்ள நீர் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகிறது. ஒட்டிப்பிடிக்கும் பலம் குறைகிறது. எடை மட்டும் கூடுகிறது. நேற்றுவரை நின்ற சரிவு இன்று நிற்காது. அதனால்தான் "இத்தனை வருஷமா நிக்குதே" என்ற வாதம் மண் கரை விஷயத்தில் செல்லாது. இதுவரை நின்றது இதுவரை வந்த ஈரத்துக்கு.

இனி 1973-ஆம் ஆண்டுப் புகைப்படம். இந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். உடைவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த அந்தப் படத்தில், வெளிச்சரிவில் சுமார் 12 அடி உயரமும் 30 அடி அகலமும் கொண்ட ஒரு துண்டு பெயர்ந்து சரிந்திருப்பது தெரிகிறது. இப்படிப்பட்ட சரிவை அருகில் போய்ப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் மறக்காது. மேலே பிறை வடிவில் ஒரு வெட்டு இருக்கும், அதில் புது மண் சிவந்து தெரியும். நடுவில் புல்லோடு சேர்ந்து ஒரு பாளம் இறங்கியிருக்கும். அடியில் மண் பிதுங்கி நிற்கும். அந்தப் பிதுக்கத்தில் காலை வைத்தால் சேறாக அமுங்கினால், உள்ளேயிருந்து நீர் வருகிறது என்று பொருள். 400 அடிக் கரையில் 30 அடி பெயர்ந்துவிட்டால், மிச்சம் எவ்வளவு காலம் தாங்கும் என்று யாராவது கணக்குப் போட்டிருக்க வேண்டும். பள்ளத்தை மண் கொட்டி மூடினால் தோற்றம் சரியாகும். சரிவின் கோணமும் உள்ளே ஊறும் நீரும் அப்படியே இருக்கும்.

கரையில் மரங்களும் வளர்ந்திருந்தன. ஏரிக்கரையில் மரம் அழகு; நிழலும் தரும். மண்ணணையின் சரிவில் அது ஆபத்து. உயிரோடு இருக்கும்போது வேர் மண்ணைப் பிடிக்கிறது என்பார்கள். புயலில் மரம் வேரோடு சாய்ந்தால் கரையில் ஒரு குழி விழும். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, நீர் நுழையக் குழாய் போல வழி விடும். அதைவிட, மரமும் புதரும் மூடிய சரிவில் கசிவோ வெடிப்போ கண்ணில் படாது.

ஏன் யாரும் இல்லை

மின் நிலையம் ஓடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். டர்பைனுக்கு நீர் போகும் குழாயைத் திறக்கவும் மூடவும் ஆள் வேண்டும். மட்டம் குறைந்தால் மின்சாரம் குறையும், ஆகவே மட்டத்தைப் பார்ப்பார்கள். கசிவு என்றால் கைக்காசு நஷ்டம், ஆகவே கசிவைத் தேடுவார்கள். பாதுகாப்புக்கென்று யாரும் தனியாகச் சம்பளம் வாங்கவில்லை. உற்பத்தியின் நிழலில் பாதுகாப்பும் நடந்தது. 1957-இல் உற்பத்தி நின்றபோது அந்த நிழலும் போனது. கல்லூரி என்பது பாடம் நடத்தும் இடம். அதன் வரவு செலவில் ஏரிக்கரைக்கு என்று ஒரு வரி விழக் காரணமே இருந்திருக்காது.

அரசாங்கப் பக்கமும் இதே வெற்றிடம். 1972-இல் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ க்ரீக்கில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேரும், தெற்கு டக்கோட்டாவின் ரேபிட் சிட்டியில் வெள்ளமும் கேன்யன் ஏரி அணை உடைப்பும் சேர்ந்து 238 பேரும் இறந்த பிறகு, அமெரிக்க நாடாளுமன்றம் தேசிய அணை ஆய்வுச் சட்டத்தை இயற்றியது. 25 அடி உயரம் அல்லது 50 ஏக்கர்-அடி கொள்ளளவு என்ற வரம்பில் அணைகளைப் பட்டியலிடும் வேலை நடந்தது. நேரில் போய் ஆய்வு செய்யப் பணம் ஒதுக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் அப்படியே கழிந்தன. ஜார்ஜியாவிலும் அதுவரை அணைப் பாதுகாப்புக்கு வலுவான மாநிலச் சட்டம் இல்லை.

இது கெல்லி பார்ன்ஸுக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. 1889 மே 31-இல் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகரை அழித்து 2,209 பேரைக் கொன்ற சவுத் ஃபோர்க் அணையை முதலில் கட்டியது மாநில அரசு, கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் கொடுப்பதற்காக. ரயில் வந்ததும் கால்வாய் தேவையற்றுப் போனது. அணை கைமாறி, கடைசியில் பணக்காரர்களின் மீன்பிடி வேட்டைக் கழகம் ஒன்றின் ஏரியானது. அதற்கு முன்பிருந்த உரிமையாளர் அடிமதகுக் குழாய்களைப் பெயர்த்து விற்றுவிட்டதால், நீரை இறக்கவே வழியில்லாமல் போயிருந்தது. கழகம் கரை உச்சியைத் தாழ்த்தி வண்டிப்பாதை ஆக்கியது. மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் வலை அடித்தது. ஹவாயின் காவாய் தீவில் 2006 மார்ச் 14 அன்று உடைந்து ஏழு பேரைக் கொன்ற கா லோக்கோ ஏரியும் கரும்புத் தோட்டத்துக்காக வெட்டியது. கரும்பு போய், நிலம் தனியார் கைக்கு வந்து, ஏரி மட்டும் மலைமேல் நின்றது. அதை மாநில அதிகாரிகள் ஆய்வு செய்திருக்கவே இல்லை. கால்வாய், டர்பைன், கரும்பு என்று மூன்று அணைகளுக்கும் பிறப்பின் காரணம் வேறு. அந்தக் காரணம் மறைந்த பிறகுதான் மூன்றும் உடைந்தன.

மாறியது என்ன

அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியாக்காரர். அவர் மனைவி ரோசலின் கார்ட்டர் உடனே டொக்கோவாவுக்கு வந்து பார்த்தார். சில வாரங்களில், தனியாருடையதும் மாநிலங்களுடையதுமான ஆபத்து மிகுந்த அணைகளை ஆய்வு செய்யும்படி ராணுவப் பொறியாளர் படைக்கு அதிபரின் உத்தரவு போனது. ஐந்து ஆண்டுகள் தூங்கிய சட்டத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது. 1981-க்குள் சுமார் 8,800 அணைகளைப் பார்த்தார்கள். ஏறக்குறைய 2,900 பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. பார்த்ததில் மூன்றில் ஒன்று. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் குறை, வெள்ளத்தைக் கடத்தப் போதாத கலிங்கு. ஜார்ஜியா தன் பங்குக்கு 1978-இல் பாதுகாப்பான அணைகள் சட்டத்தை இயற்றியது.

இந்த ஆய்வுகளில் நிலைபெற்ற ஒரு பாகுபாடு பொதுமக்களுக்கு இன்றும் குழப்பமாக இருக்கிறது. ஓர் அணைக்கு இரண்டு மதிப்பீடுகள் உண்டு. உடைந்தால் கீழே என்ன நேரும் என்பது ஒன்று. அதை அதிகம், கணிசம், குறைவு என்று வகுப்பார்கள். அணை இப்போது எப்படி இருக்கிறது என்பது மற்றது. திருப்தி, பரவாயில்லை, மோசம், ஏற்க முடியாது என்று அதற்குத் தனிப் படிகள். முதல் மதிப்பீடு கரையைப் பார்த்து வருவதே அல்ல. கீழே வாழ்பவர்களைப் பார்த்து வருவது. கரையில் ஒரு பிடி மண்கூட அசையாதபோதும், கீழே பத்து வீடு கட்டினால் அது "அதிக ஆபத்து" அணையாகிவிடும். கெல்லி பார்ன்ஸின் கீழே நடந்தது அதுவே. கல்லூரி வளர்ந்தது, குடும்பத்தோடு படிக்க வந்தவர்களுக்கு ஓடையோரச் சமதளத்தில் ட்ரெய்லர்கள் வந்தன. மேலே கரை பலவீனமாகிக்கொண்டிருந்தது, கீழே ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால் ட்ரெய்லர்களையாவது மேட்டுக்கு மாற்றியிருக்கலாம். கரையைச் சீரமைப்பதைவிட அதற்குச் செலவு குறைவு.

ஏரி வைத்திருப்பவருக்கு

அமெரிக்காவின் தேசியப் பட்டியலில் உள்ள அணைகளில் பாதிக்கும் மேற்பட்டவை தனியாருடையவை. பொழுதுபோக்குக்காக நிற்பவை ஏராளம். குடியிருப்போர் சங்கம், கோடை முகாம், தேவாலயம், தனி வீட்டுக்காரர் என்று உரிமையாளர்கள். இவர்களில் பலர் ஏரி தெரியும் மனை வாங்கியவர்கள்; கூடவே ஓர் அணையும் வந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவர்கள் செய்யக்கூடியதில் முதன்மையானது கசிவை அளப்பது. எல்லா மண் கரையும் கசியும். கசிவே தவறு அல்ல. அடிவாரத்தில் கசிவு சேரும் இடத்தில் ஒரு பலகையில் முக்கோண வெட்டுப் போட்டு நிறுத்தி, நீர் எவ்வளவு உயரத்தில் வழிகிறது என்று மாதம் ஒருமுறை குறித்தால் போதும். ஏரி மட்டம் மாறாமல் கசிவு மட்டும் கூடினால் உள்ளே ஏதோ நடக்கிறது. ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் நீர் மட்டும் வருகிறது. கலங்கலாக இருந்தால் கரை வருகிறது. கலங்கல் கண்ட அன்றே ஏரி மட்டத்தை இறக்கத் தொடங்க வேண்டும், பொறியாளருக்கும் சொல்ல வேண்டும். அதற்கு அடிமதகு திறக்கும் நிலையில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைத் திறந்து மூடிப் பார்க்காதவரிடம் மதகு இருந்தும் இல்லாததுதான்.

சரிவில் புல்லைத் தவிர எதுவும் வளர விடக்கூடாது. ஏற்கெனவே பெரிதாகிவிட்ட மரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விடுவது இன்னொரு பிழை. வேரை எடுத்து அந்தக் குழியை முறையாக நிரப்பும் வேலையைப் பொறியாளர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். கலிங்கின் வாயில் மிதக்கும் கிளை, தழை, மீன் வலை எதுவும் நிற்கக்கூடாது. கீழே யார் இருக்கிறார்கள், இரவில் யார் யாரை எழுப்புவது, எந்த எண்ணில் அழைப்பது என்பது ஒரு தாளில் இருக்க வேண்டும், அது கீழே இருப்பவர்கள் கையிலும் இருக்க வேண்டும். டொக்கோவாவில் அணையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, எந்த நிலை கண்டால் மக்களை எழுப்புவது என்று முன்கூட்டியே வரையறுத்த கோடு ஒன்று இருந்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கலாம்.

செலவு என்ற கேள்வி வரும். சரிவைப் படுக்கவைத்து, வடிகால் போட்டு, கலிங்கை அகலப்படுத்துவது சிறு சங்கத்தின் சந்தாவில் முடியாத காரியம். அப்படிப்பட்டவர்கள் பலர் முடிவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பொறியாளர் வடிவமைப்பின்படி, மாநில அனுமதியோடு, நீரை முதலில் மெல்ல இறக்கி, கரையை அகலமாக வெட்டித் திறந்து, ஓடையை ஓடையாக ஓட விடலாம். அமெரிக்காவில் பல பழைய அணைகளை இப்படி எடுத்திருக்கிறார்கள். ஏரி போகும், மனை விலை இறங்கும் என்று சங்கக் கூட்டத்தில் சண்டை வரும். அந்தச் சண்டையை ஏரி நிறைந்திருக்கும்போதே போட்டு முடித்துவிட வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை: நீர் மட்டத்தைச் சில அடிகள் நிரந்தரமாகக் குறைத்து வைப்பது. அடிமதகு வேலை செய்தால் அதற்குக் கூட்டமோ நன்கொடையோ தேவையில்லை. மாநில அலுவலகத்திடம் சொல்லிவிட்டு இந்த வாரமே தொடங்கலாம்.